பேரிளம்பெண்ணுக்குப் பின்: முதுமையியல் கல்வியும் பணித்துறைகளும்

உலா இலக்கியம் பயிற்றுவிக்கும் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுவதுண்டு. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களையும் கரும்பலகையில் எழுதி, அவற்றின் எதிரே வயது எல்லைகளையும் குறித்து முடித்தவுடன், "நாற்பதோடு நின்றுவிட்டதே, அதற்குப் பிறகு?" என்று மாணவியருள் எவரேனும் ஒருவர் கேட்டுவிடுவார். பாட்டியல் நூலார் உலாவைக் காணவரும் மகளிருக்கு இலக்கணம் வகுத்தனரேயன்றி மனித வாழ்வு முழுமைக்கும் வகுக்கவில்லை என்று விடை கூறி நாம் தப்பித்துக்கொள்வோம். ஆடவர் நிலையும் இதனினும் மேலன்று. முப்பது வயதைக் கடந்தவரையெல்லாம் முதுமகன் என்னும் ஒரே சொல்லில் பன்னிரு பாட்டியல் அடக்கிவிடுகிறது. பிள்ளைத்தமிழோ குழந்தையின் முதற் சில ஆண்டுகளுக்குள்ளேயே பத்துப் பருவங்களைக் கண்டது. வளரும் பருவத்தை இத்துணை நுணுக்கமாகப் பகுத்த மரபு, வளர்ந்த பின் வரும் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பெயர் வைக்காமல் விட்டது ஏன்?

முதியவர்கள் அன்றும் இருந்தனர். ஊன்றுகோலைக் குறிக்கும் தொடரையே பெயராகப் பெற்ற தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் சங்கப் புலவர் அதற்குச் சான்றாவார். ஆனால் தொகையில் அவர்கள் சிலராகவே இருந்தனர். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது எழுபதைக் கடந்துவிட்டது. (அக்காலத்தார் அனைவரும் முப்பத்திரண்டில் மாண்டனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. குழந்தைகளின் இறப்பே அச்சராசரியை அவ்வளவு தாழ்த்தியது.) 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 10 கோடியே 38 லட்சம். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியமும் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் இணைந்து 2023இல் வெளியிட்ட அறிக்கை, 2050இல் இத்தொகை 34 கோடியே 70 லட்சத்தை எட்டும் என மதிப்பிடுகிறது. ஐவரில் ஒருவர் முதியவர் என்பது அதன் பொருள். தமிழ்நாடு 2011லேயே நூற்றுக்குப் பத்தைத் தாண்டிவிட்டது. இன்று நம் கல்லூரியில் இளங்கலை பயிலும் மாணவர் 2050இல் நாற்பத்தைந்து வயதை ஒட்டியிருப்பார். அவருடைய பெற்றோர் அந்த முப்பத்து நான்கு கோடியில் இருப்பர்.

ஆகவே முதுமையைக் கற்பது பிறர் பொருட்டன்று. அதனை ஒரு கல்வித்துறையாகவும், அக்கல்வி திறந்துவிடும் பணித்துறைகளாகவும் மாணவர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் தோற்றம்

முதுமையியலைக் குறிக்கும் 'ஜெரன்டாலஜி' என்னும் சொல்லை 1903இல் ஆக்கியவர் இலியா மெச்னிகோவ் என்னும் உருசிய அறிஞர். நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவரும் அவரே. முதியோர் மருத்துவத்தைக் குறிக்கும் 'ஜீரியாட்ரிக்ஸ்' என்னும் சொல்லை 1909இல் அமெரிக்க மருத்துவர் நாஷர் வழங்கினார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். பின்னது மருத்துவத்தின் ஒரு கிளை. முன்னதோ உடல், உள்ளம், குடும்பம், பொருளாதாரம், சட்டம், மொழி ஆகிய அனைத்தையும் முதுமையின் நோக்கில் ஆராயும் பரந்த துறை. எனவே அறிவியல் பாடம் படிக்காதவர்க்கும் அதில் இடமுண்டு.

உளவியலில் இத்துறை நுழைந்த வரலாறு சுவையானது. குமரப் பருவத்தைப் பற்றி 1904இல் பெருநூல் எழுதிய ஸ்டான்லி ஹால் என்பவரே, தாம் முதுமை எய்திய பின் 1922இல் முதுமையைப் பற்றியும் நூல் எழுதினார். எரிக் எரிக்சன் 1950இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பகுத்தார். நடுவயதில் அடுத்த தலைமுறையை ஆளாக்கும் நாட்டமும், முதுமையில் வாழ்ந்த வாழ்வை நிறைவோடு ஏற்கும் மனநிலையும் கைகூட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மறைந்த பின், 1997இல், அவருடைய துணைவியார் ஜோன் எரிக்சன் எண்பது தொண்ணூறு வயதினர்க்கென ஒன்பதாம் கட்டம் ஒன்றைச் சேர்த்தார். கோட்பாட்டை வகுத்தவர்களே மூத்தபோது அதற்கு இன்னுமோர் அறை தேவைப்பட்டது போலும்!

இக்கட்டங்களைப் படிக்கும் நம் மாணவர்க்குத் திருமறை வசனங்கள் சில நினைவுக்கு வருதல் இயல்பே. அர்ரூம் அத்தியாயத்தின் 54ஆம் வசனம் பலவீனம், வலிமை, மீண்டும் பலவீனமும் நரையும் என மனித வாழ்வின் நிலைகளைச் சுட்டுகிறது. அல்அஹ்காஃப் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் நாற்பது வயதை முதிர்ச்சியின் எல்லையாகக் குறித்து, அவ்வயதை அடைந்தவர் தம் பெற்றோரையும் தம் சந்ததியையும் ஒருங்கே எண்ணி இறைஞ்சுவதைக் காட்டுகிறது. இரு தலைமுறைக்கும் இடையே நின்று இரண்டையும் சுமக்கும் நடுவயதின் இயல்பு இங்கே தெளிவாகப் புலப்படுகிறது. எனினும் மேனாட்டார் கண்டதெல்லாம் நம்மிடம் முன்னரே உண்டு என்று சொல்லி அமைதியுறும் போக்கில் எமக்கு உடன்பாடில்லை. இப்னு சீனா அப்படி அமைதியுறவில்லை. 1037இல் மறைந்த அப்பேரறிஞர் தம் மருத்துவப் பெருநூலின் முதற்பகுதியில் மனித வயதை நான்காகப் பகுத்து, முதியோர்க்குரிய உணவு, உறக்கம், உடற்பயிற்சி முதலியவற்றைத் தனியே ஆராய்ந்து எழுதினார். அவர் வழியில் வந்தோர் என்று பெருமை கொள்வோர் செய்யத்தக்கது அத்தகைய ஆராய்ச்சியே.

ஐந்தில் வளையாதது

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை எடுத்துக்கொள்வோம். இருபது வயதினர் நூறு பேரையும் எழுபது வயதினர் நூறு பேரையும் அமர்த்தி அறிவுத் தேர்வு ஒன்று வைத்தால் மூத்தோர் மிகப் பின்தங்குவர். அதனைக் கொண்டு வயது ஏற ஏற அறிவு தேயும் என்று நெடுங்காலம் நம்பினர். ஆனால் அந்த எழுபது வயதினர் பள்ளி சென்ற ஆண்டுகள் எத்தனை? உண்ட உணவு எத்தகையது? அவர்கள் பிறந்த காலம் வேறு, இளையோர் பிறந்த காலம் வேறு. தேர்வு காட்டிய வேறுபாட்டில் ஒரு பகுதி வயதினால் வந்தது. மற்றொரு பகுதி பிறந்த காலத்தால் வந்தது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின் அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி 1956இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு இதனைச் செய்தது. சொல்வளம் போன்ற ஆற்றல்கள் அறுபது வயதிலும் பெரிதும் குன்றாதிருத்தலையும், விரைவு சார்ந்த ஆற்றல்கள் முன்னரே தளர்தலையும் அது காட்டியது. அதனினும் வியப்பு, ஆற்றல் தளர்ந்த முதியோர்க்கு ஐந்தே மணிநேரப் பயிற்சி அளித்தபோது அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் முன்னேறியமை. 1986இல் ஷாயியும் அவர் துணைவியார் ஷெரி வில்லிசும் வெளியிட்ட முடிவு இது. ஐம்பதில் மட்டுமன்று, எழுபதிலும் வளையும் என்பதே இதனால் அறியப்படுவது.

தளர்ச்சி இல்லை என்று கூறுவாரும் தவறு செய்கின்றனர். செருமானிய அறிஞர் பால் பால்டெஸ் இதனை நடுநிலையோடு விளக்கினார். இழப்பு நேரும்போது மனிதர் சிலவற்றைத் தேர்ந்துகொள்கின்றனர், தேர்ந்தவற்றைச் செம்மைப்படுத்துகின்றனர், குறைந்ததை வேறொன்றால் ஈடுசெய்கின்றனர். பியானோக் கலைஞர் ரூபின்ஸ்டீனை அவர் எடுத்துக்காட்டுவார். நமக்கு அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை. கோட்டுத் தைப்பதை விட்டுச் சட்டை மட்டும் தைத்து, முற்பகல் வெளிச்சத்திலேயே நூல் கோத்து, காஜா எடுப்பதைப் பேரனிடம் ஒப்படைத்துவிட்ட கடைத்தெருத் தையற்காரரைப் பார்த்தாலே போதும்.

சூழலின் பங்கும் சிறிதன்று. ஆண்டுகள் பல ஆகியும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் காட்டும் காரணங்களை நம் மாணவர் நன்கறிவர். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என அவர் அடுக்குவன யாவும் உறவும் சமூகமும் பற்றியவை. மருந்து ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. 45 வயதைக் கடந்த எழுபத்தீராயிரத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்தி 2017-18இல் நடைபெற்ற இந்திய நெடுங்கால முதுமை ஆய்வின் வினாநிரலைப் புரட்டினால், உடன் வாழ்வோர் யார், உதவுவோர் யார், வருமானம் யாது என்று பக்கம் பக்கமாகக் கேட்கப்படுவதைக் காணலாம்.

வினாத்தாளில் ஒரு பிழை

தமிழ்த்துறைக்கும் முதுமையியலுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர்க்காக நம் துறை அனுபவம் ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. நாட்டுப்புறப் பாடல் திரட்டும் பணிக்காகச் சுற்றுவட்டார ஊர்களுக்கு மாணவியரை அனுப்பியிருந்தோம். எண்பதை நெருங்கிய ஒரு மூதாட்டியாரிடம் தாலாட்டுக் கேட்கச் சென்றபோது, "உம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது, டாக்டரே சொல்லிவிட்டார்" என்று வீட்டார் தடுத்தனர். மகன் வளைகுடாவில் சபுராளி. மருமகளோ சோர்ந்திருந்தார். மருத்துவமனையில் என்ன கேட்டார்கள் என்று மாணவியர் விசாரித்தனர். இது எந்த மாதம் என்று கேட்டார்களாம். "முகைதீன் ஆண்டவர் மாதம்" என்றாராம் மூதாட்டியார். ஒரு தாளைக் காட்டிப் படிக்கச் சொன்னார்களாம், படிக்கவில்லையாம்.

அன்று உண்மையிலேயே ரபீவுல் ஆகிர் மாதம் நடந்துகொண்டிருந்தது. முஸ்லிம் மூதாட்டியர் பலர் அம்மாதத்தை அப்பெயராலேயே வழங்குவர். தமிழ் எழுத்து அறியாத அந்த அம்மையார் அரபுத்தமிழில் அச்சான மாலை நூல்களைத் தடையின்றி வாசிப்பவர். சோதித்தவர் வினாத்தாளின்படியே நடந்தார். பிழை வினாத்தாளில் இருந்தது. பின்னர் வேறிடத்தில் முறையாகச் சோதித்தபோது அவருக்கு இருந்த குறை செவிப்புலன் குறை என்பது தெரிந்தது. கேட்புக் கருவி பொருத்திய பின் மருமகளோடு வாதாடவும் தொடங்கிவிட்டார் என்று கேள்வி.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அதே பயணத்தில் மற்றொரு வீட்டில், சோற்றை உண்டதை மறந்து மீண்டும் மீண்டும் கேட்ட பெரியவர் ஒருவரை, வயதானால் இப்படித்தான் என்று ஈராண்டுகள் வாளா விட்டிருந்தனர். அவருக்கு இருந்தது உண்மையான முதுமை மறதி நோயே. நோயற்றவரை நோயாளி என்பதும், நோயாளியை முதியவர் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். மேற்சொன்ன தேசிய ஆய்வின் தொடர்ச்சியாக 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் இந்நோயுற்றோர் ஏறத்தாழ 88 லட்சம். செவிப்புலன் குறையைக் கவனியாது விடுதல் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் காரணங்களுள் ஒன்று என்பதையும் லான்செட் ஆய்விதழின் அறிஞர் குழு எடுத்துரைத்துள்ளது.

உலகெங்கும் பயன்படும் நினைவுச் சோதனை 1975இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. அது எழுத்தறிந்தாரை மனத்திற் கொண்டது. ஒரு சொல்லைத் தலைகீழாக எழுத்துக் கூட்டச் சொல்லும்; வாக்கியம் ஒன்று எழுதச் சொல்லும். அரியானாவின் பல்லப்கர் பகுதிச் சிற்றூர்களில் ஆராய்ந்தோர் இதன் பொருந்தாமையைக் கண்டு, 1995இல் இந்தி வடிவம் ஒன்றை வெளியிட்டனர். சொல்லைத் தலைகீழாக்குவதற்கு மாற்றாகக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் செய்தனர். எழுதுவதற்கு மாற்றாகத் தம் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் செய்தனர். இது மருத்துவம் மட்டும் அறிந்தவர் செய்யக்கூடிய பணியன்று. ஒரு வட்டார மக்கள் நாளையும் மாதத்தையும் உறவையும் எச்சொற்களால் வழங்குகின்றனர் என்பதை அறிந்த மொழி மாணவரின் துணை இதற்கு வேண்டும்.

பணித்துறைகள்

மருத்துவ வழியை முதலிற் கூறி முடித்துவிடுவோம். இந்தியாவில் முதியோர் மருத்துவத்தின் தாயகம் சென்னை. அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கிற்று. நாட்டிலேயே முதன்முதலாக 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இத்துறைக்கு எம்.டி. பட்டப்படிப்பு ஏற்பட்டது. இவற்றின் பின்னணியில் உழைத்தவர் 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்ற டாக்டர் வி.எஸ். நடராசன், முதுமை பற்றித் தமிழிலும் பல நூல்கள் எழுதியவர். கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. செவிலியர், இயன்முறை மருத்துவர், செயல்முறை மருத்துவர், செவித்திறன் வல்லுநர் ஆகியோர்க்கும் இத்துறையில் இடமுண்டு. இக்கடைசிப் பணியை நம் மாணவர் பெரும்பாலும் கேள்விப்பட்டதேயில்லை.

கலைப்பட்டம் பெற்றோர்க்கு உரிய வழிகளே நம் கவலை. உளவியலில் முதுகலை பயின்று வாழ்நாள் வளர்ச்சியைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளலாம். நோய் நாடும் உளவியலராகப் பணியாற்றுவோர் அதற்குரிய பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தல் வேண்டும். வெறும் முதுகலையோடு பெயர்ப்பலகை மாட்டுதல் கூடாது. சமூகப்பணி முதுகலை பயின்றோர் மருத்துவமனைகளிலும், முதியோர் இல்லங்களிலும், 1978இல் தொடங்கப்பெற்ற ஹெல்பேஜ் இந்தியா போன்ற அமைப்புகளிலும், 14567 என்னும் முதியோர் உதவித் தொலைபேசிச் சேவையிலும் பணிபுரிகின்றனர். எண்ணும் கணக்கும் பிடித்தோர் மும்பை மக்கள்தொகை நிறுவனத்தில் பட்டமேற்படிப்புக்கு முயலலாம். தில்லியிலுள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் பட்டதாரிகளுக்கு முதியோர் நலத்தில் ஓராண்டுப் பட்டயப் பயிற்சி நடத்தி வந்துள்ளது. திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழக உளவியல் துறையின் முதுமை ஆய்வு மையம் தென்னாட்டில் இவ்வாராய்ச்சிக்கு வழிகாட்டியது.

சட்டம் பயில விரும்புவோர் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை நுணுகிக் கற்க வேண்டும். கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தை நாடி, மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை பெற அச்சட்டம் இடமளித்தது. பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் மீட்கவும் அதில் வழியுண்டு. தீர்ப்புக்கு முன் இரு தரப்பையும் இணக்கப்படுத்தும் அலுவலர் ஒருவரிடம் வழக்கை அனுப்பலாம் என்றும் அது கூறுகிறது. குடும்பத்தின் மொழியறிந்த சமூகப்பணியாளருக்கு ஏற்ற இடம் அது. ஜமாஅத் பஞ்சாயத்தில் அமரும் பெரியோரும் இச்சட்டத்தை அறிந்திருத்தல் நலம்.

இல்லந்தோறும் சென்று பராமரிக்கும் பணியாளர்க்கு இன்று தேவை மிகுதி. நம் சமூகத்தில் அத்தேவைக்குத் தனி இயல்பும் உண்டு. படுக்கையிலுள்ள மூதாட்டியார் ஆடவர் கை படுவதற்கு இசையார். ஒளுவுக்கு உதவவும், இயலாதபோது தயம்மும் செய்விக்கவும், மூட்டு வலியுற்றோர் நாற்காலியில் அமர்ந்து தொழும் முறையைச் சொல்லவும், நோன்பு மாதத்தில் நீரிழிவு மருந்தின் வேளை மாற்றத்தை மருத்துவரிடம் முன்கூட்டிக் கேட்டு நடக்கவும் அறிந்த பெண் பணியாளர் கிடைப்பது அரிது. நோன்பை விட்டுப் பரிகாரம் அளிக்கும் சலுகை முதியோர்க்கு மார்க்கத்திலேயே உண்டென்பதைக் கூட வற்புறுத்திச் சொல்லும் பொறுப்பு அவர்க்கு நேரும். செவிலியமும் சமூகப்பணியும் பயிலத் தம் பெண்மக்களை அனுப்பத் தயங்கும் பெற்றோர், தம் வீட்டு மூதாட்டியாருக்குப் பெண் செவிலியரே வேண்டும் என்று கேட்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

எனினும் மாணவரை ஆசை காட்டி ஏமாற்ற நாம் விரும்பவில்லை. இல்லப் பராமரிப்புப் பணிக்கு இன்று வழங்கப்படும் ஊதியம் பல இடங்களில் குறைவு. எழுத்து ஒப்பந்தம் இராது. ஓய்வு நாள் இராது. சில வாரப் பயிற்சியோடு அனுப்பப்படும் பெண்கள் இரவும் பகலும் ஒரே வீட்டில் அடைபடுகின்றனர். மறுபுறம், மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் 65 வயதைக் கடந்தோரைக் கொண்ட ஜப்பான், பராமரிப்புப் பணிக்கு இந்தியர் வருவதற்கு இசைந்து 2021இல் உடன்படிக்கை செய்தது. மொழித்தேர்வில் தேறியவர்க்கு அங்கே முறையான வேலையும் ஊதியமும் உண்டு. பொருள் ஈட்டக் கடல் கடந்தோரின் ஊர்கள் நம்முடையவை. இனிப் பிறர் பெற்றோரைப் பேணவும் நம் பிள்ளைகள் கடல் கடப்பர். அவர்தம் பெற்றோரை யார் பேணுவது என்னும் வினாவுக்கு ஜகாத் நிதியையும் வக்ஃபு வருவாயையும் கையாளும் பெரியோர் இப்போதே விடை தேடுதல் வேண்டும். பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றைப் பயிற்சி பெற்ற பணியாளரோடும் நியாயமான ஊதியத்தோடும் மஹல்லா அளவில் நடத்துதல் அவ்விடைகளுள் ஒன்றாகலாம்.

நம் துறை சிறிய அளவில் ஒன்றைத் தொடங்கியுள்ளது. மூதாட்டியரும் பெரியவர்களும் மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் நேரத்துக்கும் வழங்கும் பெயர்களைத் தொகுத்து, நினைவுச் சோதனை செய்யும் மருத்துவர்க்குப் பயன்படும் வண்ணம் அகரவரிசையில் அமைத்து வருகிறோம். பதிவேடு துறை அறையில் மேசைமீதே உள்ளது. மாணவர் தம் வீட்டு முதியோரைக் கேட்டு, ஊர்ப்பெயரோடு அதில் எழுதிச் செல்லலாம். மௌலூது மாதம், பராஅத்து மாதம், ஹஜ்ஜு மாதம் எனப் பக்கங்கள் நிறைந்து வருகின்றன. துல்கஅதா மாதத்தின் பக்கத்தில் மட்டும் இதுவரை எவரும் எழுதவில்லை.